கோழி மேய்க்கும் கடமை

கேள்வி: பட்டதாரி நியமனத்தில் வந்து 12 வருடங்களாகப் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கடமையாற்றி வருகிறேன். பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் நெஞ்சு கனக்கிறது. "செய்கிற வேலை இன்னும் உனக்குப் பொருந்துகிறதா என்று இடைக்கிடை இருந்து யோசிக்க வேணும், நான் ஆறு மாதத்துக்கு ஒருக்கா யோசிக்கிறனான்" என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்கிறார். இந்தக் கதை காதில் விழுந்தாலே அம்மா அழுகிறார். யோசிப்பது சரியா? எத்தனை காலத்துக்கு ஒருமுறை?
— ஒரு வாசகி, விசுவமடு

பதில்: பிள்ளை, கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் 'கடமையாற்றி'.

எங்கள் நாட்டில் அரசாங்க வேலையில் இருக்கும் எவரும் வேலை செய்வதில்லை, கவனித்தீர்களா? கடமையாற்றுகிறார்கள். முதல் நாள் போனால் கடமையேற்பு. இடமாற்றம் வந்தால் கடமையிலிருந்து விடுவிப்பு. கதிரையில் ஆள் இல்லையென்றால் வெளிக்களக் கடமை. தேத்தண்ணிக் கடைக்குப் போனவரும் கடமையில்தான் இருக்கிறார். மேசன் வேலை செய்கிறார், தச்சர் வேலை செய்கிறார், சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அக்காவும் வேலை செய்கிறார். இந்தப் பக்கத்தை நிரப்புகிற நானும் வேலைதான் செய்கிறேன், கடமையாற்றினால் இதழ் வெளிவராது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்றால் வரி. நிலத்துக்குக் கட்ட வேண்டிய இறை. வரி எனக்குப் பொருந்துகிறதா என்று எவரும் இருந்து யோசிப்பதில்லை. கட்டுவார்கள், முடிந்தால் ஒளிப்பார்கள். 12 வருடம் வேலை செய்த ஒருவருக்கு, யோசிக்கலாமா என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டி வராது. 12 வருடம் கடமையாற்றியவருக்குத்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தப் பழமொழி. "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்." இதோடு எனக்கிருக்கும் பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் இதைத் தொடும்போதெல்லாம் முழங்காவிலில் இருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் தபாலட்டை போடுவார். கோறணமேந்து தமிழ் இல்லையாம், அரசாங்கம் என்று எழுத வேண்டுமாம். ஐயா, "கோழி மேய்த்தாலும் அரசாங்கத்தில் மேய்க்க வேண்டும்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மோனையும் போய், கோழியும் போய், மிஞ்சுவது ஒரு சுற்றறிக்கை.

என்னுடைய சண்டை வேறு. கோழியை யாராவது மேய்ப்பார்களா? மாடு மேய்க்கலாம். ஆடு மேய்க்கலாம். கோழியோ விடியக் கூட்டைத் திறந்துவிட்டால் தானாகப் போகும், பொழுதுபட்டால் தானாக வந்து அடையும். பழமொழி கட்டியவர் விவரமான ஆள். செய்யவே தேவையில்லாத ஒரு வேலையைத் தேடிப் பிடித்து, அதற்குத்தான் கோறணமேந்தைச் சிபாரிசு செய்திருக்கிறார்.

நினைத்துப் பாருங்கள். கோழி மேய்ப்பு உத்தியோகத்தர், மூன்றாம் தரம். சேர்ந்த கையோடு வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை வருகிறது. உத்தியோகத்தர் படித்துக்கொண்டிருக்க, கோழி எப்போதோ வேலி தாண்டிவிட்டது. மாத முன்னேற்ற அறிக்கை மூன்று பிரதி: இலக்கு எத்தனை கோழி, அடைந்தது எத்தனை வீதம், கீரி பிடித்ததை எந்தத் தலைப்பில் காட்டுவது? ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி முட்டை பற்றிக் கேட்கிறார். முட்டை வேறு திணைக்களம் என்று பதில் வருகிறது. இரண்டு திணைக்களமும் பேசி முடிக்க முட்டை குஞ்சாகி, குஞ்சு கணக்காய்வுக்கு உள்ளாகிறது. உத்தியோகத்தர் முதலாம் தரம் வரை போய்விட்டார். விடிய நாலு மணிக்குக் கூவுகிற சேவல் மட்டும் இன்னும் அமைய ஊழியர். நிரந்தர நியமனம் கேட்டுக் கச்சேரி வாசலில், அதுதான் மாவட்டச் செயலக வாசலில், நிற்கிறது.

சரி, சிரித்தது போதும். அம்மா அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சும்மா அழவில்லை.

வன்னி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வருடங்களிலும் ஆசிரியருக்கும் தாதிக்கும் கச்சேரிக் கிளாக்கருக்கும் கொழும்பு சம்பளம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கடை எரிந்தவருக்குக் கடை இல்லை. வயலில் மிதிவெடி புதைந்தவருக்கு வயல் இல்லை. பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து மரத்தடியில் நடந்தபோது சம்பளமும் மரத்தடி தேடி வந்தது. ஒரு வீட்டில் ஒருவர் அரசாங்க வேலையில் இருந்தால் பக்கத்துக் கொட்டில்களிலும் உலை கொதித்தது. பிறகு 2009, செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். அந்தத் தறப்பாளுக்குள் இருந்து வந்த ஒரு தாய்க்கு, பொருத்தமான வேலை என்றால் இடம்பெயரும்போது கூடவே வருகிற வேலை. அவருடைய கணக்கில் உங்கள் வேலைக்குப் பத்துப் பொருத்தமும் இருக்கிறது. முழங்காவில் ஐயாவும் மரத்தடியில் படிப்பித்தவர் என்று கேள்வி. அதனால்தான் அவரோடு சண்டையை ஓர் அளவோடு வைத்திருக்கிறேன்.

ஆனால் பிள்ளை, கேட்பது விசுவமடுவில் இருந்து. அது படித்த வாலிபர் திட்டத்தில் எழும்பிய ஊர். படித்துவிட்டு உத்தியோகம் கிடைக்காமல் நின்ற பெடியங்களுக்கு 1960களில் காடு வெட்டிக் காணி கொடுத்தார்கள், முத்தையன்கட்டிலும் அப்படித்தான். அப்போதும் அம்மாக்கள் அழுதிருப்பார்கள், படித்த பிள்ளை மண்வெட்டி பிடிக்கிறானே என்று. 1970க்குப் பிறகு வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் விலை ஏறின. மண்வெட்டி பிடித்தவன் கையில் காசு புழங்கியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளியில் இருந்து மிளகாய் வந்தது, விலை விழுந்தது. ஆள் அதே ஆள், காணி அதே காணி. உங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என் அப்பா உருத்திரபுரத்தில் கமம் செய்தவர். கமம் தனக்குப் பொருந்துமா என்று அவர் ஒருநாளும் கேட்டு நான் அறியேன். ஆனால் நீங்கள் சொல்கிற அந்த யோசிப்பு வருடா வருடம் நடந்தது. அதற்கு அவர் சைக்கிளில் போனார். மாரியில் விதைக்கும் காலபோகம் மழைத் தண்ணீரிலேயே ஒப்பேறிவிடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். அதனால் விதைப்புக்கு முன்பு பயிர்ச்செய்கைக் கூட்டம். மாவட்டத்தின் அரசாங்க அதிபர் நடுவில், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒரு பக்கம், கமக்காரர் மற்ற எல்லாப் பக்கமும். எங்கள் இரணைமடுக் குளம் இப்போது நிறைந்தால் 36 அடி. பொறியியலாளர் எழும்பி இத்தனை அடி நிற்கிறது என்பார். பின்வரிசையில் ஒருவர், "இரண்டடியை ஒளிச்சுப் போட்டுச் சொல்லுறியள்" என்பார். அரை மணித்தியாலம் கூச்சல். கடைசியில் எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு, தண்ணீர் எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்று முடிவாகும்.

அந்தக் கூட்டத்தில் கமத்தை விடுவதா என்று எவரும் கேட்பதில்லை. இந்த முறை எத்தனை ஏக்கர் என்றுதான் கேட்பார்கள். ஐந்து ஏக்கர் வைத்திருந்த என் அப்பா ஒரு ஏக்கர் மட்டும் விதைத்த சிறுபோகமும் உண்டு. மிச்ச நாட்களில் கூலிக்கு வேலி அடைத்தார். அவரை எவரும் கமத்தை விட்டவர் என்று சொல்லவில்லை.

அண்ணா இருக்கும் நாட்டில் ஒன்றை விட்டு இன்னொன்றில் ஏறலாம். இங்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ராஜினாமா, சொல்லாமல் போனால் பதவி வெறிதாக்கல். இரண்டிலும் திரும்பி ஏறுவது லேசில் நடக்காது. ஆகவே நீங்கள் ஏக்கர்க் கணக்குப் பாருங்கள். உங்களுக்கு ஒரு வேடிக்கை நினைவிருக்கும். 2022 ஜூனில் பெற்றோலும் இல்லை, டொலரும் இல்லை என்றானபோது, வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. வன்னிப் பிள்ளைகளுக்குக் கொழும்பு கமம் படிப்பித்த காலம் அது. அதே மாதம் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது: சேவைமூப்பும் ஓய்வூதியமும் கெடாமல், சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை போய் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ வேறு வேலை பார்க்கலாம் என்று. கடமை கடமை என்ற கோறணமேந்தே கஜானா வற்றியதும் எத்தனை ஏக்கர் என்று பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்த வாய்க்கால் இன்று எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை உங்கள் தாபனக் கிளையில் விசாரியுங்கள். லீவு இல்லாவிட்டாலும் சனிக்கிழமை என்று ஒரு கால் ஏக்கர் எல்லோரிடமும் இருக்கிறது.

ஒன்று மட்டும். ஞாயிறு பின்னேர நெஞ்சுக்கனத்தைத் தண்ணீர் அளவாக எடுக்காதீர்கள். எனக்கும் கனக்கிறது, வீட்டுப்பாடம் முடிக்காத என் பேரனுக்கும் கனக்கிறது. அளவுகோலை வேறு இடத்தில் நாட்டுங்கள். கந்தோருக்கு வருகிற ஓர் ஆச்சி, "அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை இல்லையோ?" என்று கேட்டு, லீவு என்றதும் பக்கத்து மேசைக்குப் போகாமல், "அப்ப நாளைக்கு வாறன்" என்று திரும்பிப் போகிறாரா? அது தண்ணீர். போன போகத்தில் அப்படி எத்தனை ஆச்சிகள், இந்தப் போகத்தில் எத்தனை என்று பாருங்கள். ஆச்சிகள் வராமல் முன்னேற்ற அறிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தால், அந்த முறை கொஞ்சம் குறைத்து விதையுங்கள்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்றும் கேட்டீர்கள். போகத்துக்கு ஒருமுறை. வருடத்துக்கு இரண்டு போகம், நீங்கள் காலபோகத்துக்கும் ஒன்று வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம். அட, அண்ணா சொன்ன கணக்கும் அதுதான்! இவ்வளவு எழுதிய பிறகா இது எனக்குத் தெரிய வேண்டும்? பனிக்குள் போய் இருந்தும் ஆள் கமக்காரன்தான்.

அம்மாவிடம் வேலையைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். சிறுபோகக் கூட்டம் என்று சொல்லுங்கள், தேத்தண்ணி போட்டுத் தருவார்.