ஸ்பானியக் குழந்தைப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: டோலோரெஸ் என்றால் 'துயரங்கள்' என்கிறார்களே, பெற்ற பிள்ளைக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா?

பதில்: தாராளமாக வைத்தார்கள். அது வியாகுல மாதாவின், அதாவது துயருறும் அன்னை மரியாளின் பெயர். முழுசாகச் சொன்னால் மரியா டெ லோஸ் டோலோரெஸ்; கூப்பிட்டுக் கூப்பிட்டு மரியா உதிர்ந்துவிட்டது. பிலார், அதாவது தூண், அப்படித்தான்: ஸ்பெயினின் சரகோசா நகரில் தூண் மேல் நிற்கும் மாதா. ரோசியோ என்றால் பனித்துளி. உவெல்பா மாகாணத்தில் அதே பெயரில் பெரிய திருத்தலம் இருக்கிறது. கொன்சுவேலோ, அதாவது ஆறுதல், 'ஓ'வில் முடிந்தாலும் பெண் பெயர். பையனுக்கு வைத்துவிடாதீர்கள்! டோலோரெஸ் இப்போது பாட்டிமார் பெயராகிவிட்டது. அதன் செல்லப்பெயரான லோலாவைத்தான் இளம் பெற்றோர் நேரடியாகப் பதிவு செய்கிறார்கள்.

கேள்வி: மெர்சிடிஸ் காரும் இந்த வகைதானா சார்?

பதில்: ஆமாம், இரக்கத்தின் மாதா. காருக்கு வந்தது எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரிய வணிகரின் மகள் வழியாக.

கேள்வி: ஹாவியரும் நம் சேவியரும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். ஆனால் வேர் ஸ்பானியம் இல்லை, வட ஸ்பெயின் பக்கம் பேசும் பாஸ்கு மொழி. 'எச்சே பெர்ரி' என்றால் புது வீடு. அது வட ஸ்பெயினின் நவாரா பகுதியில் ஒரு கோட்டையின் பெயராயிற்று. 1506இல் அங்கே பிறந்தவர்தான் புனித பிரான்சிஸ் சேவியர். 1542இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நம் ஊர் சவேரியார், சவரிமுத்து எல்லாம் அந்தப் புது வீட்டுக்காரர்கள்தான்.

கேள்வி: ஹோசே எப்படி பேபே ஆனார்?

பதில்: ஹோசே என்றால் நம் சூசை; பேபே அவர் செல்லப்பெயர். சூசையப்பரை லத்தீனில் 'பாத்தெர் புத்தாத்தீவுஸ்', வளர்ப்புத் தந்தை, என்று எழுதி, அதன் இரண்டு 'பி' எழுத்துகளை (ஸ்பானியத்தில் 'பே') சேர்த்துப் படித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய வடிவம் ஹுசேபே. அதன் கடைசி அசையைக் குழந்தை இரட்டித்தால் பேபே, அவ்வளவுதான்.

கேள்வி: மகனுக்கு இக்கெர் பிடித்திருக்கிறது. தொன்மையான பாஸ்கு பெயர்தானே?

பதில்: மொழி பழையது, பெயர் புதியது. மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த திருநாளைக் குறிக்க, பாஸ்கு தேசியவாதி சபினோ அரானாவின் பெயர்ப்பட்டியல் தந்தது. அந்தப் பட்டியல் 1910இல் வெளிவந்தது. சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் இப்படிப் பதிவு செய்ய முடியாது, காஸ்தீலிய (அதாவது ஸ்பானிய) வடிவம்தான் வேண்டும். 1977இல் சட்டம் மாறியது. அப்புறம் பாஸ்கு நாட்டுக்கு வெளியேயும் பரவியது. முன்னாள் கால்பந்து கோல்கீப்பர் இக்கெர் காசியாஸ் மாட்ரிட் பக்கத்து மோஸ்தோலெஸ்காரர். தயங்காமல் வையுங்கள்.

கேள்வி: இப்போது எந்தப் பெயரும் வைக்கலாமா?

பதில்: இல்லை. 2016இல் மாட்ரிட் அருகே ஒரு தம்பதி மகனுக்கு 'லோபோ', ஓநாய், என்று வைக்கப்போக, பதிவாளர் முதலில் மறுத்துவிட்டார். லோபோ குடும்பப்பெயராகவும் வழங்குவதால் குழப்பம் வருமாம். பெற்றோர் விடவில்லை, கடைசியில் கிடைத்தது.