கண்மாய்க் கரையும் அரண்மனையும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தில் தொடராக வரும் பாண்டியப் பேரரசுக் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்து வருகிறேன். 1310 இல் பாண்டிய மன்னன் குலசேகரன் தன் மகன் கையால் கொல்லப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒரே கற்பனையிலிருந்து, ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் குலசேகரன்பட்டினத்திலிருந்து விண்கலம் ஏவும் ஒரு தமிழ்ப் பேரரசை எழுப்பியிருக்கிறீர்கள். அதையெல்லாம் வியந்து வாசித்த எனக்குச் சென்ற அத்தியாயம் ஏமாற்றமாக இருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாயில் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக இருக்கும் இளைஞனை இரண்டு ஆண்டுகள் நேசித்த பத்தொன்பது வயது இளவரசி, பேரரசை ஆளும் ஐவர் அவை முன்மொழிந்த ஒருவரை மணக்கச் சம்மதிக்கிறாள். ஆயிரம் ஆண்டு வரலாற்றை மாற்றி எழுதிய உங்களுக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தை மாற்றி எழுத மனம் வரவில்லையா? கல்லூரியில் படிக்கும் என் மகளும் வாசித்தாள். "வானத்துக்குப் போற ராஜ்ஜியத்துலயும் மாப்பிள்ளையைப் பெரியவங்கதான் பாக்கணுமாப்பா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காதலித்ததற்காக நம் பக்கத்துப் பிள்ளைகள் என்ன பாடு படுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்படி எழுதுவது, பிள்ளைகளைப் பிரிக்கிறவர்களுக்கு வலு சேர்ப்பதாகாதா?

அன்புடன்,
ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் கனமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். சாதியின் பெயரால் பிள்ளைகளைப் பிரிப்பதும், பிரிய மறுத்தால் பெற்ற கையாலேயே கொல்வதும் நம் மாவட்டங்களில் நடக்கின்ற கொடுமைகள். அதற்கு ஒரு சொல்லளவு ஆதரவும் என் எழுத்திலிருந்து போய்ச் சேரக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் இந்தக் கதையின் சட்டங்களை முதலில் வகுத்தேன். அந்தப் பேரரசில் பிறப்பைக் காரணம் காட்டி யாரும் யாருடைய மணத்தையும் தடுக்க முடியாது. இளவரசி தன் காதலைச் சொன்னபோது அவளுடைய தந்தை இரண்டே கேள்விகள் கேட்கிறார்: பையனின் பெயர் என்ன, அவன் கண்மாயில் இந்த ஆண்டு தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது. அவருடைய முகம் சுளிக்கவில்லை, குரல் உயரவில்லை. பெரியவர்கள் குறுக்கே நிற்கும் காதல் கதைகளை நாம் ஏராளமாக வாசித்திருக்கிறோம். தடை சொல்ல ஒருவர்கூட இல்லாத இடத்தில் காதலுக்கு எதிரே என்ன நிற்கும் என்பதைப் பார்க்கவே நான் ஆசைப்பட்டேன்.

அங்கே நிற்பது வேலை. அரியணையில் பங்குள்ளவரை மணப்பவர், நீர், தானியம், வரி ஆகிய பொதுப் பொருள்களைப் பங்கிடும் பொறுப்பு எதையும் வகிக்கக் கூடாது என்பது அந்தப் பேரரசின் சட்டம். ஒரே வீட்டில் செங்கோலும் மடைச் சாவியும் இருந்தால் ஊருக்கு நியாயம் கேட்க வேறு வாசல் இருக்காது என்பதால் வந்த சட்டம் அது. ஆகவே அவளை மணந்தால் அவன் கண்மாயை விட்டு வர வேண்டும். அவன் வர மறுக்கிறான். முதலில் மறுத்தவன் அவன்தான் என்பதைக் கடிதம் எழுதிய பலரும் கவனிக்காமல் கடந்துவிட்டார்கள். அரச கடமை என்றவுடன் நம் கண் மகுடத்தைத் தேடிப் போய்விடுகிறது.

நீர்க்கட்டியின் வேலையை அறிந்தவர்களுக்கு அந்த மறுப்பின் எடை தெரியும். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் கரைக்கு உட்புறம், தண்ணீருக்கு நடுவே, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதுதான் குமிழித் தூம்பு. நீந்திப் போய்க் கல் மூடியைத் தூக்கினால் மேலே உள்ள நீரோடித் துளை வழியே தண்ணீரும், அடியில் உள்ள சேறோடித் துளை வழியே வண்டலும் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கையில் சேர்ந்து வயலுக்குப் போகும். அந்த மூடியை எப்போது தூக்குவது, தலைமடைக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எத்தனை நாழிகை என்று பங்கிடுகிறவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் அந்தக் கண்மாய் பாயும் ஆயக்கட்டில் நிலம் இல்லாதவரையே இந்தப் பொறுப்பில் வைத்திருந்தார்கள். தன் வயல் என்ற ஆசை அவரை இழுக்கக் கூடாது என்பதற்காக. அறுவடையில் களத்து நெல்தான் அவருக்குக் கூலி.

2310 இல் மதகைத் திறக்க இயந்திரம் இருக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். திறக்க இயந்திரம் உண்டு. குறைந்த தண்ணீரில் யாருடைய பயிரைக் காப்பது என்று முடிவு செய்யும்போது ஊர் நம்பிக் கட்டுப்படுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. என் கதையின் வரலாற்றில் ஆங்கிலேயர் இங்கே ஆட்சிக்கு வரவில்லை. ஆகவே 1895 இல் நீர் தரத் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை அந்த உலகத்தில் கிடையாது. பெரியாற்றுக் கால்வாய் பாயாத மேலூர் என்பது முழுக்க வானம் பார்த்த மேலூர். அங்கே கண்மாய் வற்றினால் ஊர் வற்றிவிடும். "நான் வந்துட்டா கடைமடைக்காரனுக்கு யாரு தண்ணி விடுவா?" என்று அவன் கேட்கும்போது இளவரசிக்குப் பதில் இல்லை, ஏனென்றால் அதே கேள்வியைத் தன் அரியணையைப் பற்றி அவளும் அவனிடம் கேட்டிருக்க முடியும்.

இந்தக் கதைக்கு விதை, நக்கீரர் பாடிய சங்கப் பாட்டான நெடுநல்வாடை. அந்தப் பாட்டின் 188 அடிகளும் எனக்கு ஒரே ஒரு இரவாகத்தான் தெரிகின்றன. அரண்மனையில், போரில் வீழ்ந்த நாற்பது வயது யானையின் தந்தத்தால் செய்த கட்டிலில் அரசி தனியே கிடக்கிறாள். பொன்வளைகள் கிடந்த கையில் சங்கு வளை. மாசு படிந்த நூற்சேலை. தோழியர் அடி வருடுகிறார்கள், செவிலியர் 'இப்போது வந்துவிடுவார்' என்கிறார்கள். கட்டிலின் மேற்கட்டியில் திங்களைப் பிரியாத உரோகிணியை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து நெடுமூச்சு விடுகிறாள், கடைக்கண்ணில் தேங்கிய நீரை விரலால் சுண்டி எறிகிறாள். அதே நள்ளிரவில் பாசறையில் வாடைக்காற்று வீச, விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது. சேறான தெருவில் நிற்கும் குதிரைகள் மேலே விழும் துளிகளை உடம்பை உதறித் தள்ளுகின்றன. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் நழுவும் மேலாடையை இடப்பக்கம் பற்றிக்கொண்டு, மறுகையை ஒரு வாள்வீரனின் தோளில் வைத்தபடி, மலர்ந்த முகத்தோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான்.

நக்கீரர் இந்த இரண்டு இடங்களில் எதையும் உயர்த்திப் பேசவில்லை. அரசன் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பாட்டு, அவன் வராததற்குக் காரணமான புண்பட்டவர்களையும் நமக்குக் காட்டிவிடுகிறது. அரசியிடமிருந்து அவனைப் பிரித்துவைத்தவர் ஒருவரும் இல்லை. அங்கே அடிபட்டுக் கிடக்கும் ஒருவன் விடிவதற்குள் தன் அரசனின் முகத்தைப் பார்க்க வேண்டும், காரணம் அவ்வளவுதான். காதலுக்கு இதைவிடக் கடினமான எதிர்ப்பை நான் எங்கும் வாசித்ததில்லை, ஏனென்றால் வெறுப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

இதனால் கடமை பெரிது, காதல் சிறிது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். புறநானூற்றின் 71 ஆம் பாட்டு ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் கூறும் வஞ்சினம். பகைவரைப் புறங்காணேனாயின் என்று தொடங்கி, தனக்கு நேரக் கூடாத கேடுகளை அவன் அடுக்குகிறான். முதலாவது, 'பேரமர் உண்கண் இவளினும் பிரிக' என்பது. மனைவியைப் பிரிய நேர்வது. அடுத்தது, அறம் பிறழாத அவையில் தகுதியற்ற ஒருவனை அமர்த்திக் கொடுங்கோல் புரிந்தவனாவது. மனைவியைப் பிரிவதையும் முறை தவறுவதையும் ஒரே மூச்சில், ஒன்றையொன்று அடுத்து வைக்கிறான். இவ்விரண்டையும் சமமான கேடாக எண்ணுகிற ஒருத்தியாகவே என் இளவரசியை எழுதியிருக்கிறேன். அவள் இழந்தது சிறியது என்று கதை எந்த இடத்திலும் சொல்லவில்லை.

மறுபக்கம் சிலப்பதிகாரத்திலிருந்து நமக்குத் தெரிந்ததுதான். ஆடல் மகளிர் அரசன் மனத்தைக் கவர்ந்தார்கள் என்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லி அவையை விட்டு எழுந்து போகிறாள். அவளுடைய ஊடலைத் தீர்க்க விரைந்து போகும் வழியில்தான் நெடுஞ்செழியனைப் பொற்கொல்லன் மடக்குகிறான். கோவலனை விசாரிக்காமலே கொலைக்கு ஆணை பிறக்கிறது. மனைவியிடம் அன்பு வைத்தது அவன் குற்றமாகாது. அந்த அவசரத்தில் வாசலில் நின்றபடி ஓர் உயிரைப் பற்றி முடிவெடுத்ததுதான் மதுரையை எரித்தது.

அரச மணத்தைக் கட்டுப்படுத்தும் இப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது என்பதற்கு 1310 க்குப் போக வேண்டும். 1268 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட மாறவர்மன் குலசேகரனுக்குப் பட்டத்தரசியின் மகன் சுந்தரபாண்டியன், வேறொரு பெண்ணிடம் பிறந்த வீரபாண்டியன் என்று இரு மைந்தர். திறமை கண்டு அவர் வீரபாண்டியனை வாரிசாக அறிவித்தார் என்றும், அதனால் சினந்த சுந்தரபாண்டியன் தந்தையைக் கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். மறு ஆண்டு, 1311 இல், டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரைக்குள் நுழைந்தபோது எதிர்த்து நிற்க ஒன்றுபட்ட பாண்டிய நாடு இல்லை. இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர் இங்கே வந்துபோன மார்க்கோ போலோ, ஐந்து சகோதரர்கள் இந்நாட்டை ஆள்வதாகவும், அவர்கள் சண்டைக்கு எழும்போதெல்லாம் தாய் கத்தியைக் கையில் எடுத்து, நீங்கள் பால் குடித்த முலைகளை அறுத்துக்கொள்வேன் என்று சொல்லித் தடுப்பதாகவும், அவள் இறந்துவிட்டால் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். என் கதையில் நான் மாற்றியது இந்த ஓரிடத்தைத்தான். அந்தத் தாயின் இடம் ஒரு நிரந்தரப் பதவியாகிறது. ஐவர் ஆட்சி எழுதப்பட்ட சட்டமாகிறது. அரண்மனைக்குள் நிகழும் பிறப்பும் மணமும் நாட்டின் காரியம் என்று ஏற்கப்படுகிறது. அந்தப் பேரரசு ஆயிரம் ஆண்டு நிலைத்தது படைபலத்தால் அல்ல, இந்த ஏற்பாட்டால். இளவரசியின் பொருட்டு அதை நான் நெகிழ்த்தினால் கதைக்கு அடித்தளமே இருக்காது.

இனி உங்கள் மகளின் கேள்வி. ஐவர் அவை ஒருவரை முன்மொழிந்தது. இளவரசி மறுத்திருக்கலாம், மணம் செய்துகொள்ளாமலே ஆண்டிருக்கவும் சட்டம் இடம் தருகிறது. பெண் பார்க்க யாரும் அரண்மனைக்கு வரவில்லை. அவளே கடற்கரை ஊரான காயலுக்குப் புறப்பட்டுப் போய் அந்தக் கடலோடிக் குடும்பத்து இளைஞனைச் சந்திக்கிறாள். கண்மாய்க்காரனைப் பற்றி முதல் பேச்சிலேயே சொல்கிறாள், இன்னும் அவனை மறக்கவில்லை என்பதையும் சொல்கிறாள். கேட்டவன் கேட்டுக்கொண்டான்; அதன் பிறகுதான் சம்மதம். முதலில் வந்த காதல் மட்டுமே காதல், அதன் பின் வருவதெல்லாம் சமரசம் என்ற எண்ணம் இளமையில் இயல்பு. நான் அப்படி நம்பவில்லை. அவர்களுக்கிடையே இப்போது காதல் இல்லை, வரக்கூடும், வராமலும் போகலாம். இரண்டுக்கும் கதையில் இடம் வைத்திருக்கிறேன்.

மதுரைப் பெண்ணுக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். தடாதகை என்ற பெயரில் பிறந்த அந்த மீனாட்சிக்கு மாப்பிள்ளை பார்த்தவர் யாரும் இல்லை. திசையெல்லாம் வென்றுகொண்டு போனவள் கயிலையில் போர்க்களத்தில்தான் சிவனைக் கண்டாள். முதலில் செங்கோல், பிறகு மாலை என்ற வரிசையை ஒவ்வோர் ஆண்டும் மாசி வீதிகளில் நின்று பார்க்கிற ஊர் இது. என் இளவரசியும் மகுடம் சூடிய பிறகே மணவறைக்குப் போகிறாள். அவளைப் பெரியவர்களின் கைப்பாவையாக உங்கள் மகள் கண்டிருந்தால், பட்டாபிஷேக அத்தியாயத்தை இன்னொரு முறை வாசிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இரண்டு அத்தியாயங்களும் அந்த இளைஞனுடையவை. ஐப்பசி மழை பொய்த்துக் கண்மாயில் கால்வாசித் தண்ணீர் மட்டும் கிடக்கும் ஆண்டில், தலைமடைக்காரர்கள் அவன் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அவன் எடுத்த முடிவு சரியா என்பதை அங்கே நீங்கள் எடைபோடலாம். வாசித்த பிறகு உங்கள் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவள் அப்போதும் உடன்படவில்லை என்றால், அந்தக் கடிதத்தை ஒரு வரியும் குறைக்காமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்