மேஜிக் கிங்டத்துக்குள் தயிர்சாதம் கொண்டுபோகலாமா?

எங்கள் வீடு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், டாம்பாவில். டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ பக்கத்தில்தான். அதனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். கைக்குழந்தை, கல்லூரிப் பையன், முட்டிவலிக்காரப் பெரியம்மா என்று எல்லாரோடும் போய் வந்தாயிற்று. முதல்முறை போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நான்கு நாள் தங்கப்போகிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3 வயது முடிய இரண்டு மாதம் இருக்கிறது. நான்கு பார்க்கையும் பார்த்துவிடலாமா? (டாலஸிலிருந்து ஓர் அம்மா)

பார்த்துவிடலாம். ஆனால் நான்காம் நாள் ராத்திரி வீட்டுக்காரரும் நீங்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டீர்கள்.

பெயர்தான் பார்க். உண்மையில் டிஸ்னி வேர்ல்டு சுமார் 40 சதுர மைல் பரப்புள்ள ஓர் ஊர். 1971இல் மேஜிக் கிங்டத்தோடு தொடங்கி, 1982இல் எப்காட், 1989இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று சொல்லப்படும் பார்க், 1998இல் அனிமல் கிங்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பெரும்பாலும் பஸ், காரில்தான் போக வேண்டும். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு மேஜிக் கிங்டம் இரண்டு நாள், அனிமல் கிங்டம் ஒரு நாள் போதும். நடுவில் ஒரு நாள் எங்கும் போகாமல் ஓட்டல் நீச்சல் குளத்தில் கிடங்கள். மற்ற இரண்டும் எங்கேயும் ஓடிவிடாது.

மகனைப் பற்றி ஒன்று. 3 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10 ஆனால் பெரியவர் டிக்கெட். பயணத்தைப் பிறந்தநாளுக்கு அப்புறம் தள்ளிப்போடாதீர்கள்.

அதைவிட முக்கியம் காலை நேரம். மேஜிக் கிங்டம் 9 மணிக்குத் திறக்கிறது என்றால் 8 மணிக்கே கார் நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் காரை நிறுத்தும் இடத்தில் பார்க் இல்லை. நடுவே ஒரு பெரிய ஏரி. பைகளைச் சோதித்த பிறகு, மோனோரயிலிலோ படகிலோ ஏரியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக முடியும். முதல்முறை வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் முக்கால் மணி நேரத்தைத் தொலைப்பார்கள். திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் நான்கைந்து ரைடு முடித்துவிடலாம். அதையே மதியம் 2 மணிக்குத் தொடங்கினால் ஒன்றோ இரண்டோதான். 12 மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஏறும். அப்போது ஓட்டலுக்குத் திரும்பி, சாப்பிட்டு, பையனைத் தூங்க வைத்து, 5 மணிக்கு மறுபடி வாருங்கள். அன்றைய டிக்கெட்டில் திரும்ப உள்ளே போகலாம். இவ்வளவு காசு கொடுத்துவிட்டு மதியம் தூங்குவதா என்று என் மைத்துனர் கேட்டார். அவர் மகள் அன்று சாயங்காலம் கோட்டைக்கு எதிரே தரையில் படுத்து அழுத அழுகையைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

பையனுக்கு 6 வயது, உயரம் 110 செ.மீ. எந்தெந்த ரைடில் ஏற விடுவார்கள்? (கோவை)

வயதை யாரும் கேட்க மாட்டார்கள், உயரம் மட்டும்தான். ஷூவோடு அளந்தால் 111 வரலாம், ஆனால் நம்பி எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், ஸ்லிங்கி டாக் இரண்டுக்கும் 97 செ.மீ. போதும். டவர் ஆஃப் டெரர், சோரின் இரண்டுக்கும் 102. எப்காட்டில் கார்டியன்ஸ் ரோலர்கோஸ்டருக்கு 107. இதெல்லாம் ஏறலாம். ஸ்பேஸ் மவுன்டன், அவதார் ஃப்ளைட், எவரெஸ்ட் மூன்றுக்கும் 112. ட்ரானுக்கு 122. இரண்டு செ.மீ. குறைவில் மூன்று பெரிய ரைடுகள் போய்விடும். முடிந்தால் பள்ளி லீவு பார்த்து நான்கைந்து மாதம் தள்ளிப் போங்கள். 6 வயதுப் பையன் அதற்குள் வளர்ந்துவிடுவான்.

வரிசையின் தொடக்கத்தில் ஓர் ஊழியர் அளவுகோலோடு நிற்பார். பிள்ளைகள் குதிகாலை மெல்லத் தூக்குவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே தோளை அழுத்திச் சரிசெய்வார். கெஞ்சிப் பயனில்லை. வீட்டிலேயே சுவரில் அளந்து, எது உண்டு எது இல்லை என்று பையனிடம் சொல்லிக் கூட்டிவாருங்கள்.

சின்னவர்கள் ஏற முடியாத ரைடுக்கு ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி இருக்கிறது. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். அப்பா வரிசையில் நின்று ஏறிவிட்டு வருவார், அம்மா குழந்தையோடு வெளியே இருப்பார். அப்புறம் அம்மா அந்த நீள வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்குக் காசு கிடையாது.

லைட்னிங் லேன் வாங்க வேண்டுமா? யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (சென்னை)

லைட்னிங் லேன் என்பது தனிக் காசு கொடுத்து, நீள வரிசையில் நிற்காமல் ரைடு ஏறும் வசதி. வீடியோவில் ஃபாஸ்ட் பாஸ், ஜீனி பிளஸ் என்று சொன்னால் மூடிவிடுங்கள், அது பழைய கதை. 2024 ஜூலையிலிருந்து லைட்னிங் லேனில் முக்கியமாக இரண்டு வகை. மல்ட்டி பாஸ் வாங்கினால் சில ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம். மிகப் பிரபலமான ஓரிரண்டு ரைடுகளுக்கு சிங்கிள் பாஸ் தனியாக வாங்க வேண்டும். நாளுக்கு நாள் விலை மாறும்.

என் கணக்கு இது. மேஜிக் கிங்டத்திலும் ஹாலிவுட் ஸ்டுடியோஸிலும் மல்ட்டி பாஸ் பிரயோஜனப்படும். அனிமல் கிங்டத்தில் காலையிலேயே போனால் தேவையில்லை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையுள்ள வாரத்தில் போனால், யோசிக்காமல் வாங்குங்கள். அந்த வாரம் போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் தங்கத் தொடங்கும் நாளுக்கு 7 நாள் முன்பே நேரம் குறிக்கலாம், மற்றவர்கள் போகும் நாளுக்கு 3 நாள் முன்பு. அது திறப்பது ஆர்லாண்டோ நேரப்படி காலை 7 மணிக்கு. சென்னையில் அப்போது கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. அமெரிக்காவில் இருக்கிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் போனைத் தேடும்போது நீங்கள் காபி குடித்துக்கொண்டே முடித்துவிடலாம்.

உள்ளே இருக்கும் ஓட்டலில் தங்குவதா, வெளியே மலிவாகத் தங்குவதா?

மூன்று நாளுக்குமேல் பார்க்குக்குப் போவதாக இருந்தால் உள்ளே. தங்குகிறவர்களுக்கு எந்த பார்க்கிலும் மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னால் நுழைவு, பார்க்கிங் இலவசம். மலிவான வகையில் பாப் செஞ்சுரி எனக்குப் பிடிக்கும். அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற கம்பிவடக் கூண்டில் ஏறி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகலாம், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு ரைடு. பெரிய குடும்பம் என்றால் பக்கத்திலுள்ள ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் ஆறு பேர் தங்கும் அறைகள் உண்டு. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி இலவச பஸ் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 2022 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்து ஊரான கிஸிமியின் நெடுஞ்சாலையில் ‘பாதி விலை டிஸ்னி டிக்கெட்’ என்று பலகை வைத்த கடைகளுக்குப் போகாதீர்கள். முதல் தடவை நான் போனேன். காலை டிபன் இலவசம், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும் என்றார்கள். டைம்ஷேர் (பலர் பங்கு போட்டு, வருஷத்தில் சில நாள் தங்கும்) வீடு வாங்கச் சொல்லி மூன்றரை மணி நேரம் மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். வெளியே வந்தபோது மணி 12.30. அன்றைய காலை போனது போனதுதான்.

அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டிப்போவது சரியா? (நியூ ஜெர்சி)

தாராளமாக. வீல்சேர் வேண்டாம், நான் நன்றாகத்தான் நடக்கிறேன் என்று அம்மா சொல்வார். நம்பாதீர்கள். ஒரு நாளில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடை சாதாரணமாக வரும். நுழைவாயிலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் முதலில் வருகிறவர்களுக்கு முதலில். வீல்சேர் இருந்தால் வரிசை இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ரைடுகளில் எல்லாரும் போகும் வரிசையிலேயே வீல்சேரும் போகும்.

அவர்களுக்கு மேஜிக் கிங்டத்தைச் சுற்றிவரும் நீராவி ரயில், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு படகு, ஏசி அரங்கில் உட்கார்ந்தபடி பார்க்கும் கேரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ் மூன்றும் பிடிக்கும். கடைசி இரண்டும் முதன்முதலில் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவானவை. கிட்டத்தட்ட உங்கள் பெற்றோர் வயது. அனிமல் கிங்டம் சஃபாரி வண்டி நன்றாகக் குலுக்கும், முதுகுவலி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆசியப் பகுதியில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள். இடிந்த அரண்மனைக்குள் புலி உலவும். என் பெரியம்மா புலியை விட்டுவிட்டு, சுவரில் உரிந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ஊர்ல இதை இடிப்பாங்க, இங்க காசு குடுத்துக் கட்டிருக்கான்” என்றார்.

ஜூனில் போகிறோம். மழை?

மதியத்துக்கு மேல் இடிமழை அநேகமாக வரும். மின்னல் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் வெறித்துவிடும், பாதிக் கூட்டமும் அதற்குள் கிளம்பியிருக்கும். மெல்லிய மழைக்கோட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உள்ளே விலை அதிகம்.

நாங்கள் சைவம். உள்ளே சாப்பிட என்ன கிடைக்கும்? தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா? (பலர்)

கொண்டுபோகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நாங்கள் கோட்டைக்குப் பக்கத்து நிழலில் புளியோதரையே சாப்பிட்டிருக்கிறோம். கண்ணாடிப் பாத்திரம், மது, பையில் உதிரி ஐஸ்கட்டி மூன்றும் கூடாது. குளிரூட்ட ஜெல் பை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வாங்க வேண்டாம், துரித உணவு கவுன்ட்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

உள்ளே வாங்குவதென்றால் மெனுவில் இலை அடையாளம் உள்ளவை முழுத் தாவர உணவு. எப்காட்டில் 11 நாடுகளுக்கு அரங்கம் இருக்கிறது, இந்தியா அதில் இல்லை. நம் வாய்க்கு ஏற்ற இடம் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலில் உள்ள சனா என்ற உணவகம். நான் ரொட்டியும் வகைவகையான சட்னிகளும் வைத்த ஒரு பெரிய தட்டு வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். 60 நாள் முன்பே மேஜை பதிவு செய்யலாம்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பருப்புப் பொடி கொண்டுவரலாம். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அதில் ஒட்டி வரும் ஒரு சிறு பூச்சிதான் ஆரஞ்சு மரங்களுக்கு நோயைப் பரப்புகிறது. ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் பாதிக்குமேல் அழிந்ததற்கு முக்கியக் காரணம் அந்த நோய்.

பார்க்குக்குக் கிளம்பும்போது ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் அத்தை ஆவக்காயைக் கண்ணாடி பாட்டிலிலேயே எடுத்து வந்தார். பார்க்கின் பைச் சோதனையில் நிறுத்தினார்கள். குப்பையில் போட அத்தை சம்மதிக்கவில்லை. பாட்டிலோடு நான் காருக்குத் திரும்பி நடந்தேன்.