லேத்தைத் தொட எத்தனை மாதம் பட்டறை கூட்ட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 20. தொழிற்பயிற்சிப் படிப்பை முடித்து, ஒரு லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) பட்டறையில் டர்னர் (கடைசல்காரர்) பயிற்சிக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. இன்றுவரை ஒரு ஜாபைக்கூட, அதாவது கடைய வேண்டிய ஓர் உலோகத் துண்டைக்கூட, தனியாக ஓட்டியதில்லை. காலையில் போனதும் முந்தின நாள் கடைந்ததில் விழுந்த உலோகச் சுருளை வாரிக் கொட்ட வேண்டும். மெஷின் துடைக்க வேண்டும், கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) ஊற்ற வேண்டும், மற்றவர்கள் கடைந்து போட்ட ஜாபுக்கெல்லாம் உட்கார்ந்து ஓரத்தில் நீட்டி நிற்கும் பிசிறு எடுக்க வேண்டும். நடுவில் கடைக்கு ஓட வேண்டும். மேஸ்திரி வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டால், "நாங்கெல்லாம் ரெண்டு வருஷம் கூட்டினோம்" என்கிறார். என்னோடு படித்தவன் சிஎன்சி (கம்ப்யூட்டர் மூலம் ஓடும்) மெஷினில் நிற்கிறான். நான் லாயக்கில்லை என்றுதான் தள்ளி வைத்திருக்கிறார்களோ? விட்டுவிடலாமா? இன்னொன்று: சுருள் வாரி வாரிக் கையெல்லாம் வெட்டு. கையுறை போட்டால் "லேத்கிட்ட கையுறையா?" என்று திட்டுகிறார்கள். போடலாமா, கூடாதா?

பதில்: தம்பி, நீங்கள் லாயக்கா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் மேஸ்திரிக்கும் தெரியாது. ஜாப் ஓட்டவிட்டுப் பார்த்தால்தானே தெரியும்? இன்னும் பரீட்சையே வைக்கவில்லை. அதற்குள் ஃபெயில் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எல்லா வேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு கோபப்படுகிறீர்கள். கடைக்கு ஓடுவதும் பிசிறு எடுப்பதும் ஒன்றல்ல. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் சுருள். வாரிக் கொட்டும்போது அதைப் பார்க்கிறீர்களா? மைல்டு ஸ்டீல் நீளச் சுருளாக வரும். வார்ப்பிரும்பு சுருளாது, பொடிப்பொடியாக உதிர்ந்து கையைக் கருப்பாக்கும். பித்தளை சின்னத் துணுக்குகளாகத் தெறிக்கும். அலுமினியம் டூலின் (வெட்டும் உளியின்) முனையில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். இதெல்லாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். வகுப்பில் கிடைக்காத ஒன்று உங்கள் வாளியில் இருக்கிறது. ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் ஸ்டீலைக் கடையும்போது சுருள் வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ வந்தால் வேகம் சரி. நீலமாக வந்தால் டூல் சூடேறுகிறது, முனை சீக்கிரம் போய்விடும். அதே நீலம் அதைவிடக் கடினமான கார்பைடு டூலில் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், அது அந்தச் சூட்டைத் தாங்கும். ஆக, எந்த மெஷினுக்கு அடியில் என்ன நிறம் கிடக்கிறது என்று பார்த்தால், நேற்று அந்த மெஷினில் நின்றவர் எப்படி ஓட்டினார் என்று அவரைக் கேட்காமலே சொல்லிவிடலாம். நீளச் சுருள் ஜாபைச் சுற்றிக்கொள்ளும் மெஷின் ஒன்று, சுருள் அழகாக ஒடிந்து விழும் மெஷின் ஒன்று என்று பட்டறையில் இருக்கும். ஃபீடு (டூல் நகரும் வேகம்) எவ்வளவு, டூலை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் கால் மணி நேரம் போதும்.

பிசிறு எடுப்பதைத்தான் நீங்கள் அதிகம் வெறுப்பதாகத் தெரிகிறது. எனக்கோ, உங்கள் கையில் இருக்கும் வேலைகளில் அதுதான் அதிக விலையுள்ளதாகப் படுகிறது. ஆப்பரேட்டர் ஒரு ஜாபைக் கழற்றி அடுத்ததை மாட்டிவிடுவார். வரிசையாக எல்லா ஜாபையும் கையில் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்க்கிறவர் அந்தப் பட்டறையிலேயே நீங்கள் ஒருவர்தான். டூல் கூர்மையாக இருக்கும்வரை பிசிறு மெல்லியதாக இருக்கும். மழுங்க மழுங்கத் தடிக்கும். வந்த வரிசை கலையாமல் ஜாப்களை அடுக்கி வைத்துப் பிசிறு எடுங்கள். ஒரு நாள் போய், "அண்ணே, இருபதாவது ஜாப்லேர்ந்து பிசிறு தடிச்சு வருது, டூலைப் பார்க்கிறீங்களா?" என்று சொல்லுங்கள். எப்போ சொல்லித் தருவீங்க என்று நூறு முறை கேட்டும் நடக்காதது இந்த ஒரு வாக்கியத்தில் நடக்கலாம். வேலை தெரிந்த எந்த ஆப்பரேட்டரும் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

மெஷின் துடைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜாபைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவில் 0.05 மி.மீ. தூள் ஒன்று சிக்கினால் போதும், 0.02 மி.மீ.க்குள் நிற்க வேண்டிய ஜாப் வீண். காற்றுக் குழாயை வைத்து ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் நீங்களாவது செய்யாதீர்கள். ஊதினால் தூள் போவதில்லை. மெஷினின் அடித்தளமான பெட்டுக்கும் அதன்மேல் நகரும் கேரேஜுக்கும் இடையில் போய் உட்கார்ந்து அரைக்கும். கண்ணிலும் அடிக்கும். பிரஷ், துணி, கொக்கி, இவ்வளவுதான். கூலன்டும் வெறும் தண்ணீர் ஊற்றுகிற வேலையில்லை. தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் சரியாகக் கலக்காது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும் என்பதால் மிச்சம் இருப்பது நாளாக நாளாகக் கெட்டியாகும். நாற்றம் வந்தால் உள்ளே கிருமி பெருகிவிட்டது. கலவையில் எண்ணெய் அளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கமான கருவி உண்டு. உங்கள் பட்டறையில் அது எந்த அலமாரியில் தூங்குகிறதோ, தேடி எடுங்கள்.

இனி மூட்டையில் மிச்சம் இருப்பது. கடைக்கு ஓடுவது, வீட்டுக்குச் சாமான் சுமப்பது. இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பொறுமை வரும், பணிவு வரும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சாமான் போய்ச் சேரும் வீட்டுக்காரர்கள். பட்டறைக்காக எப்போதாவது கடைக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன், யாராவது போய்த்தான் ஆக வேண்டும். மேஸ்திரி வீட்டு வேலை அப்படியில்லை. அடுத்த முறை, "இந்த ஜாப் முடியிறதைப் பார்த்துட்டுப் போறேண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். தட்டிக் கழித்ததாகவும் ஆகாது, உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குப் புரியும். இரண்டு முறை அப்படிச் சொன்னபிறகும் ஜாப் பாதியில் இருக்கும்போதே துரத்துகிறார் என்றால், அவர் உங்களைப் பயிற்சிக்கு வைத்திருக்கவில்லை.

"நாங்கெல்லாம் கூட்டினோம்" என்ற பதிலுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். நம் தொழிலின் மூத்தவர்களில் ஒருவர் ஹென்றி மோட்ஸ்லே. 1771-ல் பிறந்தவர். 12 வயதில் இங்கிலாந்தின் வூலிச் ஆயுதச் சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து அடைக்கும் பையனாகச் சேர்ந்தார். அங்கிருந்து தச்சுப் பட்டறை, பிறகு கொல்லுப் பட்டறை. 1800 வாக்கில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தை உருவாக்கியவர் அவர்தான். இன்று நீங்கள் துடைக்கிற மெஷினில் அதன் சாயல் இருக்கும். 1829-ல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற 20 வயது இளைஞர் லண்டனில் அவரிடம் வேலை கேட்டு வந்தார். பயிற்சிக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டேன் என்று மோட்ஸ்லே சொல்லிவிட்டார். ஆனாலும் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். பாய்லர் உலையிலிருந்து ஒருவர் சாம்பல் வாரிக்கொண்டிருந்தார். இந்த வேலையைக் கொடுத்தால்கூடப் போதும் என்றார் நாஸ்மித். கிழவர் மனம் இளகிவிட்டது.

முதலாளிகள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். பார்த்தாயா, சாம்பல் வாரத் தயாராக இருந்தான், பெரிய ஆள் ஆனான்! ஆனால் நாஸ்மித் சாம்பல் வாரவில்லை. தன் கையால் செய்த நீராவி எஞ்சின் மாதிரியையும் வரைபடங்களையும் அவர் கொண்டு வந்திருந்தார். மோட்ஸ்லே அவற்றைப் பார்த்தார். தன் சொந்த வேலையறையில் தனக்கு உதவியாளராகவே வைத்துக்கொண்டார். சாம்பல் பேச்சு கதவைத் திறந்தது என்று வைத்துக்கொண்டாலும் உள்ளே உட்கார வைத்தது அந்த எஞ்சின்தான். பின்னாளில் நீராவிச் சம்மட்டியை வடிவமைத்தவர் இதே நாஸ்மித். மோட்ஸ்லேயும் ஒன்றும் அடங்கிக் கிடந்தவர் இல்லை. ஜோசப் பிராமாவின் பட்டறையில் தலைமை ஆளாக இருந்தபோது கூலி உயர்வு கேட்டார், மறுத்தார்கள், 1797-ல் வெளியேறித் தனிப்பட்டறை போட்டார்.

ஆகவே உங்களுக்கும் ஒரு எஞ்சின் வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஸ்கிராப்பில் கிடக்கும் ஒரு துண்டுக் கம்பி போதும். வேலை முடிந்தபிறகு, யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, அனுமதி கேட்டு, மூன்று விட்டம் உள்ள ஸ்டெப் ஜாப் ஒன்று கடையுங்கள். முதலில் காகிதத்தில் வரைந்து அளவு போடுங்கள்: 30, 25, 20 மி.மீ., ஒவ்வொன்றும் 0.05-க்குள். முடித்ததும் ஆறவிட்டு அளந்து பாருங்கள். அந்த "ஆறவிட்டு" முக்கியம். 100 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் ஜாப் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 0.035 மி.மீ. பெரிதாகக் காட்டும். அளவுகளுக்கு உலகம் முழுக்க 20 டிகிரி செல்சியஸைப் பொது வெப்பநிலையாக வைத்திருப்பதும் இதற்காகத்தான். சூட்டோடு அளந்து சரி என்று கொடுத்த ஜாப் மறுநாள் சிறுத்துப்போயிருக்கும். கடைந்ததை மேஸ்திரியிடம் கொடுத்து, அவரையே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பாக வந்திருந்தாலும் கொடுங்கள். எங்கே தப்பு என்று சொல்லத் தொடங்கினார் என்றால் பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "எப்போ சொல்லித் தருவீங்க?" என்பது அவருக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கும். "நாளைக்கு அந்த ஃபிளான்ஜ்ல ஃபேசிங் (முகப்பைத் தட்டையாகக் கடைவது) மட்டும் நான் போடட்டுமாண்ணே? நீங்க பக்கத்துல நின்னா போதும்" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். அவசர ஆர்டர் ஓடும்போதோ முதலாளி முன்னாலோ கேட்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. கை தேர்ந்த பலருக்குச் சொல்லித்தரத் தெரியாது. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. அவர்களிடம் பாடம் கேட்டால் எரிச்சல்படுவார்கள். "இப்ப ஏன் ஃபீடைக் குறைச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி, அதுவும் கட் முடிந்தபிறகு கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். ஜாப் கெட்டால் திட்டு வாங்கப்போவது அவர் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களைத் தள்ளி வைப்பது பாதி நேரம் உங்கள்மேல் உள்ள அவநம்பிக்கை இல்லை, தன்மேல் விழப்போகும் பழிக்குப் பயம்.

விடலாமா என்றால், இப்போது வேண்டாம். மூன்று மாதம் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, இன்று மெஷினில் எதைத் தொட்டேன், யார் என்ன சொன்னார் என்று எழுதி வாருங்கள். ஃபேசிங், பிளெயின் டர்னிங் (நேராகக் கடைந்து விட்டத்தைக் குறைப்பது), டூல் தீட்டுவது, இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் கைக்கு வந்திருந்தால் இருங்கள். கேட்டும், செய்து காட்டியும், நோட்டு வெறுமையாகவே இருந்தால் வேறு இடம் பாருங்கள். ரோஷத்தில் நின்றுவிடாதீர்கள். அடுத்த இடம் உறுதியானபிறகு, பயிற்சிக் காலத்துக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஓடுகிற மெஷினில் சுருளை எடுக்கச் சொன்னாலோ, கையால் இழுக்கச் சொன்னாலோ மூன்று மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே முடியாது என்று சொல்லுங்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், விரல் கிடைக்காது.

சிஎன்சி நண்பனைப் பற்றி ஒன்றே ஒன்று. அடுத்த முறை பார்க்கும்போது, புரோகிராமும் ஆஃப்செட்டும் (டூலுக்கான அளவுத் திருத்தம்) யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். அவனே போடுகிறான் என்றால் நீங்கள் பொறாமைப்பட நியாயம் உண்டு. நாள் முழுக்க ஒரே ஜாபை மாட்டிக் கழற்றுகிறான் என்றால், அவனும் யாருக்காவது இப்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பான்.

கையுறை விஷயத்தில் உங்களைத் திட்டியவர்கள் சொன்னது பாதி சரி. சுழலும் சக் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. நுனி மாட்டினால் கையோடு இழுத்துவிடும். தொளதொளச் சட்டைக்கை, மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஆனால் மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்தபிறகு தட்டில் கிடக்கும் சுருளை வாரக் கையுறை போடுவதில் ஒரு தப்பும் இல்லை, போட்டுத்தான் வார வேண்டும். நீளச் சுருளைக் கொக்கியால் இழுங்கள். வாரி முடித்ததும் கையுறையைக் கழற்றி மெஷினிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, சக் சாவி சக்கிலேயே நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.