20 வளைவு ஏறினால் 42 கிலோமீட்டர் ஓடிவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் நடக்கும் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வேலை நாட்களில் ஓட நேரமில்லை. மூன்று வாரமாக ஞாயிறுதோறும் ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஓடியே இறங்குகிறேன். இப்போது முன்போல மூச்சு வாங்குவதில்லை. ஆனால் போன வாரம் இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாம் என்கிறார் நண்பர். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். மன உறுதி இருந்தால் முடித்துவிடலாம்தானே? (வாசகர், சேலம்)

பதில்: முடியாது. உங்கள் வீட்டில் சொல்வதுதான் சரி.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஆர்வத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. இருட்டு விலகும் முன்பே எழுந்து மலையடிவாரத்துக்குப் போய் நிற்கிறவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, ஏழாம் நாள் மலை மேல் பாய்வதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுக்கும்போது தகட்டின் பெரிய துளையில் விட்டு இழுத்து, அடுத்த சின்னத் துளை, அதற்கடுத்தது என்று படிப்படியாகத்தானே மெலிய வைக்கிறீர்கள்? நடுவில் நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் கம்பி விறைத்து அறுந்துவிடும். நாலு துளையைத் தாண்டிக் குதித்து இழுக்கும் வேலையாளை நீங்கள் பட்டறையில் வைத்திருப்பீர்களா? உங்கள் காலை மட்டும் அப்படித்தான் இழுக்கிறீர்கள். ஓட்டம் என்பது துளை. ஓய்வு நாளும் தூக்கமும்தான் இளக்கும் நெருப்பு.

மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை ஏமாற்றுவதே அதுதான். இதயமும் ரத்தமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்காகும். புதிய சுமை விழுந்ததும் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். ஆக, 'நமக்கு நன்றாக ஓட வருகிறது' என்று தோன்றுகிற அதே வாரங்களில்தான் எலும்பு பலவீனமாக இருக்கிறது. எனக்கு 36 வயதில் இது நடந்தது. ஆறு வாரப் பயிற்சியோடு அரை மாரத்தான் ஓடினேன். கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல். அதற்குப் பிறகு பல வாரம் மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த பாதை. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஏறுவது மூச்சுக்கு வேலை. காலைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்புக்குப் பிரேக் போடுகிறது. தசை இழைகள் அதிகம் கிழிவது அந்த வேலையில்தான். அதனால்தான் திங்கள், செவ்வாயில் படியிறங்க முடியாமல் போகிறது. முழங்காலின் வெளிப்பக்கம் பிடிப்பது, இறக்கத்தில் அளவுக்கு மீறி ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது. உங்களுக்கு அதுதானா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இன்னொன்று, சென்னையில் மலையும் கிடையாது, மலைக்குளிரும் கிடையாது. சமதரை, கடற்கரைப் புழுக்கம். ஏற்காட்டுக் காற்றில் பழகிய உடம்புக்கு அந்தப் புழுக்கம் பழகவே பத்துப் பதினான்கு நாள் வேண்டும்.

மன உறுதி பற்றிக் கேட்டீர்கள். 65 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 65 கலோரி செலவாகும். 42.195 கிலோமீட்டருக்கு 2,700 கலோரிக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான் தரும். அதனால்தான் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் கல்லாகிறது. கொழுப்பையும் சேர்த்து எரிக்க உடம்பைப் பழக்குவது மாதக்கணக்கான நீண்ட, மெதுவான ஓட்டங்கள். அந்த இடத்தில் மனம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தீர்ந்த எரிபொருளுக்கு ஈடாகாது. இந்திய ஓட்டக்காரர் சிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். வெறுங்காலில் ஓடிப் பழகியவர். அவரைவிட மன உறுதிக்கு யாரைச் சொல்வது? ஆனால் அவர் 1974 ஆசியப் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கம் வாங்கி, 1976 ஒலிம்பிக் மாரத்தானில் 11-வதாக வந்து, அதற்குப் பிறகுதான் அந்த ஓட்டத்தை ஓடினார்.

வலி மாத்திரை யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். நீர் வற்றிய உடம்போடு மணிக்கணக்கில் ஓடும்போது டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு. வலி என்பது உடம்பு தரும் ஒரே எச்சரிக்கை. அதையும் வாயடைத்துவிட்டால் எதைக் கேட்டு நிற்பீர்கள்? அதேபோல, பயந்துகொண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடித்து ரத்தத்தின் உப்பை நீர்க்க விடுவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இந்த ஜனவரியில் முழு மாரத்தான் வேண்டாம். அமைப்பாளர்கள் தூரத்தை மாற்ற இடம் கொடுத்தால் 10 கிலோமீட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் கட்டிய பணம் போகட்டும், அதற்காகக் காலைப் பணயம் வைக்காதீர்கள். வலி தீர்ந்ததும் வாரம் நான்கு நாள், பட்டறை திறப்பதற்கு முன் அரைமணி நேரம் காந்தி ஸ்டேடியத்திலோ உங்கள் தெருவிலோ ஓடுங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவேயே நடையும் ஓட்டமும் கலந்த முறையைத்தான் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆறு மாதம் இப்படி ஓடிய பிறகு அரை மாரத்தான். முழு மாரத்தானை அடுத்த ஆண்டுக்கு மேல் பேசலாம்.

வரும் ஞாயிறு மலைக்குப் போகாதீர்கள். வலி இறக்கத்தில் மட்டும் வருகிறதா, சமதரையில் நடக்கும்போதும் வருகிறதா, இரவில் எழுப்புகிறதா என்று மூன்றையும் குறித்துவையுங்கள். அந்தத் தாளோடு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை நீங்கள் பாதியாகக் குறைத்துக் கேட்டுக்கொள்வீர்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.