நன்கொடை கேட்கும் மெயில் ஏன் ஸ்பேமில் போய் விழுகிறது?

கேள்வி: தென்காசிப் பக்கம் கிராமப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து 1,200 பேருக்கு, பிசிசி போட்டு (வாங்குகிறவர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியாதபடி), மூன்று நாளாகப் பிரித்து மெயில் அனுப்புகிறோம். பலருக்கும் ஸ்பேமில்தான் போகிறது. ‘இலவசம்’, ‘நன்கொடை’ போன்ற வார்த்தைகளை எடுத்துப் பார்த்தும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: எடுத்த வார்த்தைகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள். நன்கொடை கேட்கிறவர் நன்கொடை என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? ஜிமெயில் வார்த்தையைவிடப் பெரிதாக எடைபோடுவது, அனுப்பியவர் யார், முன்பு அவர் அனுப்பியதை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான். ‘ஸ்பேம்’ என்று புகார் செய்கிறவர்கள் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது கூகுள். உங்கள் 1,200 பேரில் நான்கு பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

அதனால் கை வைக்க வேண்டியது பட்டியலில். அது எப்படிச் சேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக ஒரு நண்பர் கொடுத்த எக்செல் ஷீட், ஏதோ ஒரு சங்கத்தின் டைரக்டரி, விழாக்களில் வாங்கிய விசிட்டிங் கார்டு எல்லாம் அதில் கலந்திருக்கும். அவர்கள் யாரும் உங்களிடம் மெயில் கேட்கவில்லை. ஸ்பேம் என்று அழுத்தினால் கோபித்துக்கொள்ள நமக்கு நியாயமும் இல்லை. பழைய முகவரிகளில் வேறொரு ஆபத்து: கைவிடப்பட்ட சில முகவரிகளை ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கும் பொறியாகவே வைத்திருக்கிறார்கள். கடந்த இரண்டு ஆண்டில் பணம் கொடுத்தவர், வகுப்பெடுக்க வந்தவர், பதில் எழுதியவர் மட்டும் இருக்கட்டும். 1,200 என்பது 300 ஆனால் ஆகட்டும். நிர்வாகக் குழுவில் முணுமுணுப்பு வரும், பரவாயில்லை.

அடுத்து, வெளியேறும் வழி. ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற இணைப்பைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது பலருக்கும் பழக்கம். வழி தெரியாதவர் கைக்கு எட்டும் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் பெயரை நீக்க வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. உங்கள் எண்ணிக்கைக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் செய்யுங்கள்.

பிசிசியில் இதற்கு வழியில்லை. மெயில் அனுப்பும் சேவை ஒன்று தேவைப்படும். அதிலிருந்து ஜிமெயில் முகவரியின் பெயரில் அனுப்பினால் போலி என்றே சந்தேகிக்கப்படும் என்பதால் சொந்த டொமைன், அதாவது அறக்கட்டளையின் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்கிவிடுங்கள். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குத் தனித் திட்டத்தில், சொந்த டொமைனில் மெயில் வைத்துக்கொள்ள உதவும் வொர்க்ஸ்பேஸ் சேவையை கூகுள் இலவசமாகவே தருகிறது. அப்புறம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைன் விற்றவரின் தளத்தில் இருக்கும் அமைப்புப் பக்கம்) சேர்க்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. ஒட்ட வேண்டிய வரிகளைச் சேவை நிறுவனமே தந்துவிடும். கணினி படிக்கும் மாணவர் யாரிடமாவது சொன்னால் முடித்துக் கொடுப்பார்.

மெயிலுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் ஊர் அறக்கட்டளைகள் போஸ்டர் ஒன்றை வடிவமைத்து, ஒரு வரிகூட எழுதாமல், அந்தப் படத்தை மட்டும் அனுப்பிவிடுகின்றன. ஸ்பேம் அனுப்புகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். நாலு பத்தி எழுதுங்கள். ‘அவசரம்!!!’ என்ற தலைப்பைவிட ‘இந்த மாதம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள்’ நல்லது. சுருக்கிய லிங்க் வேண்டாம். உங்கள் தளத்தின் முழு முகவரியைக் கொடுங்கள்.

நீங்கள் அனுப்புவதிலேயே ஜனங்கள் தேடித் திறக்கும் மெயில், வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது. அதைத் தாமதிக்காமல், அதே முகவரியிலிருந்து அனுப்புங்கள். ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் எழுதலாமா? ஒரு வரி பதில் போடுங்கள்’ என்று அதிலேயே கேளுங்கள். வரும் பதில்கள் உங்கள் முகவரியின் மதிப்பைக் கூட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் சம்மதத்துக்கும் கையில் ஆதாரம் இருக்கும்.

புது டொமைனிலிருந்து முதல் நாளே எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். பதில் போடக்கூடிய ஐம்பது பேரிலிருந்து தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள். வரி விலக்குக்காக எல்லோரும் கை நீட்டும் மார்ச் மாதம் இதைத் தொடங்கினால் தாமதம், டிசம்பருக்குள் தொடங்கிவிடுங்கள்.