கேனனை விட்டு சோனிக்கு மாறலாமா? முழுச்சட்டக் கேமராக்கள் பற்றிய கேள்வி பதில்

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் 22 ஆண்டுகளாகத் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் படமெடுத்து வருகிறேன். நிக்கானில் கைபழகி, 2019இல் சோனிக்கு மாறினேன். என்னுடன் பணியாற்றும் தம்பி கேனன் வைத்திருக்கிறார். அதனால் மூன்று நிறுவனங்களின் கருவிகளும் என் பையிலோ பக்கத்துப் பையிலோ இருந்தவைதான். தைப்பூசம் நெருங்குவதால் பலரும் முழுச்சட்டக் கேமரா (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) மாற்றுவது குறித்துக் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (செந்தூல், திருமணப் புகைப்படக்காரர்): ஐயா, என்னிடம் கேனன் 5டி மார்க் 4, மூன்று நல்ல இஎஃப் லென்ஸ்கள், இரண்டு கேனன் ஃபிளாஷ்கள் உள்ளன. நண்பர்கள் எல்லாரும் சோனிக்குப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டு நானும் மாறலாமா?

நீங்கள் விரும்புவது சோனியையா, மிரர்லெஸ் (உள்ளே மடங்கும் ஆடி இல்லாத) கேமராவையா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். உங்கள் 5டியில் 61 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டத்தின் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கின்றன. மணமகளின் முகம் ஓரத்தில் இருந்தால், நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுச் சட்டத்தை நகர்த்துகிறீர்கள்; 85 மி.மீ. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்திருக்கும்போது அந்தச் சிறு நகர்விலேயே கண் மங்கிக் காது தெளிவாகிவிடும். மிரர்லெஸ் கேமராவில் படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால், சட்டத்தின் மூலைக்கருகே கண் இருந்தாலும் கேமரா அதைப் பற்றிக்கொள்கிறது. நண்பர்களின் படங்களில் நீங்கள் பார்த்துப் பொறாமைப்பட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இது மூன்று நிறுவனங்களிடமும் கிடைக்கிறது.

கேனனின் பழைய இஎஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு) லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம், மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2018இல் வந்த ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. மட்டுமே. இடையில் உள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் கேனனின் சாதாரண அடாப்டர். அதில் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது; லென்ஸும் கேமராவும் ஒரே நிறுவனத்தின் மொழியைப் பேசுவதால் தானியங்கி ஃபோகஸும் தடையின்றி இயங்கும். கேனனின் மிரர்லெஸ்ஸான ஆர்6 மார்க் 2 உடலையும் இந்த அடாப்டரையும் வாங்கினால், அடுத்த வாரத் திருமணத்துக்கே உங்கள் பழைய லென்ஸ்களோடு போகலாம்.

சோனிக்கு மாறினால் உடல், மூன்று லென்ஸ், இரண்டு ஃபிளாஷ் என்று ஆறு பொருள்களை மாற்ற வேண்டும். கேனன் ஃபிளாஷை சோனியின் மேல் பொருத்தி ஒளியளவைத் தானாகக் கணக்கிட வைக்க முடியாது. கோடாக்ஸ் போன்ற ரேடியோ ஃபிளாஷ்களைத் தனியாக நிறுத்திப் பயன்படுத்துகிறவர்களுக்கு டிரிகரை (கேமராவின் மேலிருந்து ஃபிளாஷுக்குக் குறிப்பு அனுப்பும் கருவி) மட்டும் மாற்றினால் போதும். உங்கள் நிலை அதுவல்ல. பழைய இஎஃப் லென்ஸ்களையோ எல்லாரும் ஒரே காலத்தில் விற்றுக்கொண்டிருப்பதால், நீங்கள் மனத்தில் போட்டு வைத்திருக்கும் விலை கைக்கு வராது.

பணக்கணக்கில் சேராத இன்னொரு செலவும் உண்டு. நிக்கானில் லென்ஸை இடஞ்சுழியாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். சோனியிலும் கேனனிலும் வலஞ்சுழி. நான் மாறிய பிறகு மூன்று மாதங்களுக்கு, மணவறையின் பின்னால் அரையிருட்டில் லென்ஸ் மாற்றும்போதெல்லாம் என் கை பழைய திசையிலேயே திருகிக்கொண்டிருந்தது. ஒரு திருமணத்தில் கெட்டிமேளம் முழங்கி முடியும்வரை லென்ஸ் பூட்டவே இல்லை. தாலி கட்டும் படத்தைத் தம்பி எடுத்திருந்ததால் பிழைத்தேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): என் நிக்கான் டி750உடன் பழைய ஏஎஃப்-டி வகை 85 மி.மீ. லென்ஸும் 80–200உம் உள்ளன. நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட்6 மூன்றாம் பதிப்பில் இவை வேலை செய்யுமா?

பொருந்தும், ஆனால் தானியங்கி ஃபோகஸ் இயங்காது. அந்த லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. உங்கள் டி750இன் உடலில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருகுகிறது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் வைக்கப்படவில்லை. ஏஎஃப்-எஸ் என்று எழுதியுள்ள லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கேனன்காரருக்குச் சொன்ன அறிவுரையை உங்களுக்குச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்: எப்படியும் புது லென்ஸ்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், நிக்கானிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் குறைவு. கடைக்குப் போய் மூன்றையும் கையில் பிடித்துப் பாருங்கள். என் கைக்கு நிக்கானின் பிடிதான் இன்றும் பிடிக்கிறது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): நம்மவர்களின் தோல் நிறம் கேனனில்தான் சரியாக வரும் என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பேச்சு ஜேபெக் படங்களிலிருந்து வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஜேபெக்குக்குத் தன் சுவையில் நிறம் சேர்க்கிறது. கேனனின் சுவை சற்றே சிவப்பும் இளஞ்சூடும் கலந்தது என்பதால் பலருக்குப் பிடிக்கிறது. ரா கோப்பாக (கேமரா நிறம் சேர்க்காத மூலப் பதிவு) எடுத்தால், கணினியில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிற புரொஃபைல்தான் பெரும் பகுதியை முடிவு செய்கிறது. சோனியின் பழைய உடல்களில் தோல் சற்றே பச்சை கலந்து மஞ்சளிப்பதாகக் குறை இருந்தது. நானும் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஏ7 நான்காம் பதிப்பில் அது வெகுவாகச் சரியாகிவிட்டது.

நம் திருமணங்களில் நிறம் கெடுவதற்கு வேறு காரணங்களே அதிகம். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் சட்டையும் சட்டத்தை நிறைத்தால், கேமராவின் ஒளியளவி அந்த வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். அதில் முகம் கறுத்துப்போகும். பிறகு கணினியில் தூக்கினால் நிழல்களில் மணல் தூவியதுபோல் புள்ளி தட்டி, தோல் சேறுபூசியதுபோல் ஆகிவிடும். அரக்குச் சிவப்புப் பட்டும் குங்குமமும் இதற்கு நேர்மாறானவை. மொத்த ஹிஸ்டோகிராம் (ஒளியளவு வரைபடம்) சரியாக இருப்பதாகக் காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்து, நெசவின் கோடுகள் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகும். ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபக்காரர் ஊதா நிற எல்இடி விளக்கைப் பெண்ணின் முகத்தில் அடித்தால் எந்த நிறுவனமும் காப்பாற்றாது. போய்ப் பணிவாக அணைக்கச் சொல்வதுதான் வழி. நான் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் அணைப்பார்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): தைப்பூசத்தில் இரத ஊர்வலத்தையும் தண்ணீர்மலைக் காவடிகளையும் எடுக்க வேண்டும். ஏ7 நான்காம் பதிப்பு, இசட்6 மூன்றாம் பதிப்பு, ஆர்6 மார்க் 2 ஆகிய மூன்றில் எது?

இருட்டில் புள்ளி தட்டுவதை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு சிறியது. அச்சிட்ட படத்தில் கண்டுபிடிக்க என்னால் இயலாது. வேறுபாடு சென்சார் எவ்வளவு விரைவாகப் படிக்கப்படுகிறது என்பதில் உள்ளது. ஏ7இன் 33 மெகாபிக்சல் சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கப்படுவதால், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஆடிவரும் காவடி சாய்ந்து வளையும். விளக்கொளியில் குறுக்குப் பட்டைகளும் விழும். அதில் மெக்கானிக்கல் ஷட்டரை மட்டும் நம்புங்கள். உருமியும் தவிலும் முழங்கும் இடத்தில் ஷட்டர் ஒலி யார் காதில் விழப்போகிறது? மேலும், ஏ7 விநாடிக்குப் 10 படங்கள் எடுக்க வேண்டுமானால் ரா கோப்பை இழப்புள்ள (சில விவரங்கள் கழிந்துபோகும்) சுருக்கத்தில் வைக்க வேண்டும். இசட்6 மூன்றாம் பதிப்பின் பகுதியடுக்குச் சென்சார் மிக விரைவாகப் படிக்கப்படுகிறது. அதற்கு விலையாக, குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்திறன்) நிழல்களைத் தூக்கும் இடம் சற்றே குறைந்திருக்கிறது. காவடிக்கு அதுவோ ஆர்6 மார்க் 2ஓ போதும்.

எதை எடுத்தாலும் இரண்டைக் கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். விடியுமுன் எடுக்கும்போது கேமராவின் மினுக்கல் தடுப்பு வசதியை இயக்குங்கள், அல்லது ஷட்டரை 1/100இல் வையுங்கள். அடுத்தது, இரதத்தின் முன் தேங்காய் உடைக்கும் இடம். மழையைத் தாங்கும் உடல்தான் என்றாலும், இளநீர் காய்ந்தால் சர்க்கரைப் பாகுபோல வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

கேள்வி (கெப்போங், கல்லூரி மாணவர்): அண்ணா, என்னிடம் இப்போது எதுவும் இல்லை. சிறிய பணத்தில் முழுச்சட்டத்தில் தொடங்க எந்த மவுண்ட்?

சோனி ஈ. அந்நிறுவனம் தன் மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011லேயே பிற தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டதால், சிக்மாவும் டாம்ரானும் அதற்கென்று நிறைய லென்ஸ்கள் செய்திருக்கின்றன. டாம்ரான் 28–75 எஃப் 2.8இன் இரண்டாம் பதிப்பு ஒன்றே உன் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். பிற நிறுவன லென்ஸ்களோடு சோனியின் வேகமான உடல்கள் விநாடிக்கு 15 படங்களோடு நின்றுவிடும். உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கேனன் இந்த வழியை முழுச்சட்ட ஆர்எஃப் லென்ஸ்களுக்கு இறுக்கி மூடி வைத்திருந்தது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவு திறந்தபோதும், வந்தவை சிறிய சென்சாருக்கான லென்ஸ்களே. ஏ7 மூன்றாம் பதிப்பைப் பழையதாக வாங்கு. நண்பர்கள் சோனி வைத்திருந்தால் லென்ஸ் இரவல் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள், தம்பி.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கைவிளக்கைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, லென்ஸை முழுதாகத் திறந்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் ஒரு கடையின் பளிச்சென்ற விளக்கில் நேராகப் பார்த்து மயங்கி வாங்கிய 70–200, வீட்டுக்கு வந்து கைவிளக்கை அடித்தபோது ஒரு தோட்டத்தையே காட்டியது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினட் இல்லாமல் லென்ஸ் சேர்ப்பது வீண்.

கேள்வி (செந்தூல், முதல் கேள்வி கேட்டவரே): ஐயா, ஆர்6 வாங்கினால் 5டியை உடனே விற்றுவிடலாமா?

ஒரு முகூர்த்தப் பருவம் முடியும்வரை இரண்டாம் கேமராவாக வைத்திருங்கள். அதே லென்ஸ்களே இரண்டிலும் பொருந்தும் என்பதால் பையில் கூடுதல் எடை ஒரு கிலோகூட இராது. விற்கும்போது உடலையும் லென்ஸையும் சேர்த்து விற்காதீர்கள். ஷட்டர் எண்ணிக்கையை (கேமரா இதுவரை எடுத்த படங்களின் கணக்கு) வாங்குபவர் கேட்பதற்கு முன் நீங்களே எழுதிப் போடுங்கள். பெட்டியும் உள்நாட்டு உத்தரவாத அட்டையும் இருந்தால் அவற்றின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.